கோட் ஏன் சிலருக்கு மட்டும் நன்றாக உட்காருகிறது? பொருத்தமும் விகிதமும் பற்றி ஓர் எளிய விளக்கம்

மதுரையில் முகூர்த்த மாதங்களில் எந்த மண்டபத்துக்குப் போனாலும், மாலை வரவேற்பில் மாப்பிள்ளை கோட் சூட்டில்தான் நிற்கிறார். காலையில் பட்டு வேட்டியில் கம்பீரமாக இருந்த அதே ஆள், மாலையில் யாருடைய உடைக்குள்ளோ மாட்டிக்கொண்டவர் மாதிரி தெரிகிறார். பட்டன் போட்ட இடத்தில் துணி நாலாபக்கமும் இழுக்கிறது. வந்தவர்களைக் கும்பிடக் கையைத் தூக்கினால் கோட் காதுவரை ஏறுகிறது. பேன்ட் ஷூவின் மேல் கொசகொசவென்று மடிந்து கிடக்கிறது. துணி மட்டமானது இல்லை, கூலியும் குறைவில்லை, டேப் வைத்துத்தான் அளவும் எடுத்தார்கள். பிறகு எங்கே கோளாறு?

பெரும்பாலும் இரண்டு நம்பிக்கைகளில். உடம்பை ஒட்டிப் பிடித்தால்தான் கோட் பொருந்தியதாக அர்த்தம் என்பது ஒன்று. டேப் அளவு சரியாக இருந்தால் கோட்டும் தானாகச் சரியாகிவிடும் என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தையல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கண்ணாடி முன் நின்று எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். உடை உங்கள் உடம்பின் மேல் எப்படி உட்காருகிறது என்பது பொருத்தம். உடையின் பாகங்கள் ஒன்றுக்கொன்றும், உங்கள் உயரத்துக்கும் எப்படி அமைகின்றன என்பது விகிதம். ஒன்று சரியாக இருந்து மற்றது தப்பலாம். எங்கும் சுருக்கமே இல்லாத ஒரு கோட், ஆளைக் குள்ளமாகக் காட்டலாம். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் நல்லது.

தோளில் துண்டு போட்டால் தெரிவது

தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு தொங்கினால் அது பாட்டுக்குக் கிடக்கும். முன்பக்கம் நீளமாகிவிட்டால் மெல்ல முன்னால் வழுக்கும். பின்பக்கம் நீண்டால் பின்னால் போகும். துண்டை யாரும் உடம்போடு சேர்த்துக் கட்டவில்லை. தோள் என்ற ஒரே இடத்தில், தன் எடையாலேயே அது நிற்கிறது.

கோட்டும் அப்படித்தான் நிற்கிறது. அதைத் தாங்குவது கழுத்தின் பின்புறமும் இரண்டு தோள்களும் மட்டுமே. மார்பு, முதுகு, இடுப்பு எல்லாம் அங்கிருந்து தொங்கும் துணிதான். முன்பாகத்தின் நீளத்துக்கும் பின்பாகத்தின் நீளத்துக்கும் இடையில் இருக்கும் கணக்கைத் தையல் தொழிலில் பேலன்ஸ் என்கிறார்கள். பேலன்ஸ் தப்பிவிட்டால் இடுப்பை எத்தனை முறை பிடித்தாலும் கோட் உட்காராது.

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் நாம் எல்லோரும் ஒரே மாதிரி நிற்பதில்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் குனிந்திருப்பவருக்கு முதுகு வளைந்து, தலை முன்னால் வந்திருக்கும். அவர் முதுகைச் சுற்றி வரத் துணி அதிகம் வேண்டும், மார்புப் பக்கம் குறைவாகப் போதும். சாதாரண வெட்டில் தைத்த கோட்டை அவர் போட்டால், பின்புறம் குட்டையாகிக் காலர் கழுத்தைவிட்டு விலகி நிற்கும், பின் விளிம்பு மேலே தூக்கும். போலீஸ் வேலையிலோ ராணுவத்திலோ இருந்தவர்போல நெஞ்சை நிமிர்த்தி நிற்பவருக்கு இது தலைகீழ். முன்பக்கம் குட்டையாகி, கோட்டின் இரண்டு முன் விளிம்புகளும் கீழே போகப்போக ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பின்னால் காலருக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு விழும்.

இந்த இரண்டு பேருக்கும் மார்பு 38 இஞ்ச், இடுப்பு 34 இஞ்ச் என்று டேப் ஒரே கணக்கைக் காட்டக்கூடும். அளவு எழுதும் நோட்டில் இருவரும் ஒரே ஆள்தான். அனுபவமுள்ள டெய்லர் அளவு எடுக்கும்போது டேப்பைவிட ஆளைத்தான் அதிகம் பார்ப்பார். நீங்களும் அந்த நேரத்தில் வயிற்றை எக்கி, நெஞ்சை விரித்து ஒரு புது ஆளாக நிற்க வேண்டாம். அந்த ஆளுக்குத் தைத்த கோட்டைத்தான் கல்யாணத்தன்று நீங்கள் போட வேண்டியிருக்கும்.

சோதிப்பது சுலபம். கோட்டைப் போட்டு, பட்டனைப் போடாமல், இயல்பாக நில்லுங்கள். முன் விளிம்புகள் இரண்டும் நேராகத் தொங்க வேண்டும். விலகி ஓடவும் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. பின்னால் காலர் சட்டைக் காலரை ஒட்டிக் கிடக்க வேண்டும், நடுவில் விரல் நுழையும் இடைவெளி கூடாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கோட் தோளிலிருந்தும் கழுத்திலிருந்தும் தொங்குகிறது. முன் பின் நீளம் நீங்கள் நிற்கும் விதத்துக்கு ஒத்துப்போனால் அது அமைதியாகத் தொங்கும். டேப் எண்கள் இதைச் சொல்லாது.

ஒட்டிப் பிடிப்பதில் என்ன தப்பு?

கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

“அண்ணே, நல்லா ஸ்லிம்மா, பிடிச்ச மாதிரி தைச்சிருங்க.”

“சரி தம்பி, பிடிச்சிருவோம்.”

அந்த அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார். இரண்டு பக்கத் தையலையும் உள்ளே தள்ளுவார். வாடிக்கையாளர் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் கோட் கெட்டுவிட்டது.

உடம்பின் அளவுக்கும், தைத்து முடித்த உடையின் அளவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஈஸ் என்று பெயர். நம் ஊர்க் கடைகளில் “எவ்வளவு லூஸ் விடட்டும்?” என்று கேட்பது இதைத்தான். மார்பு 38 இஞ்ச் உள்ளவருக்கு 38 இஞ்சிலேயே கோட் தைத்தால் அவரால் மூச்சுவிட முடியாது. மூச்சை இழுக்கும்போது மார்பு விரிகிறது, கையை முன்னால் நீட்டினால் முதுகு அகலமாகிறது, உட்கார்ந்தால் இடுப்பும் தொடையும் பரவுகின்றன. உள்ளே சட்டை வேறு இருக்கிறது. அதனால்தான் கிளாசிக் வெட்டில் கோட்டின் மார்பில் சுமார் 4 இஞ்ச் கூடுதலாக விடுவது வழக்கம். கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், ஆனால் பூஜ்யம் ஆகக் கூடாது.

லண்டன் சாவில் ரோவில் தையல் தொழில் நடத்திய ஃபிரெடெரிக் ஷோல்ட் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். பின்னாளில் வின்ட்சர் பிரபுவான இங்கிலாந்து இளவரசர் அவருடைய வாடிக்கையாளர். ஷோல்ட் மார்பிலும் தோள்பட்டை எலும்புக்கு அருகிலும் வேண்டுமென்றே கூடுதல் துணி விட்டு, இடுப்பில் மட்டும் அளவாக உள்வாங்கினார். அந்தக் கூடுதல் துணி மென்மையாக விழுந்து மார்பை அகலமாகக் காட்டியது. ட்ரேப் வெட்டு என்று இன்றும் பேசப்படுவது அதுதான். ஆணின் உடல் வாட்டசாட்டமாகத் தெரியவேண்டும் என்றால் துணி உடம்பை ஒட்டவேண்டியதில்லை, சரியான இடத்தில் விலகியும் சரியான இடத்தில் நெருங்கியும் இருந்தால் போதும்.

மதுரைக்கு இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊர் இது. துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று புக இடம் இருந்தால்தான் வியர்வை காயும். ஒட்டிப் பிடித்த பாலியஸ்டர் கோட்டுக்குள் அது நடக்காது. ஏ.சி. மண்டபத்துக்குள் சமாளித்துவிடலாம். வெளியே கார் வரை நடந்துவிட்டு வந்து மாப்பிள்ளையின் முதுகைப் பாருங்கள்.

சுருக்கங்களைப் படிப்பது எப்படி?

பொருத்தம் பற்றி ஒரே ஒரு விஷயம் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளலாம். உடையில் விழும் சுருக்கங்கள் இரண்டு வகை. துணி போதாமல் இழுக்கும்போது வருவது கோடு. அது விறைப்பாக, எங்கிருந்தோ எங்கேயோ நீளும். துணி மிஞ்சிப்போகும்போது வருவது மடிப்பு. அது தளர்வாக, அலைபோலத் தொங்கும்.

விறைப்பான கோடு எந்த இடத்தை நோக்கிப் போகிறதோ, அங்கே துணி போதவில்லை என்று பொருள். பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறிபோல நான்கு கோடுகள் ஓடினால், இடுப்பில் இறுக்கம். பேன்ட்டில் தொடை இடுக்கிலிருந்து விசிறிபோலக் கோடுகள் விரிந்தால், தொடையிலோ, சீட் எனப்படும் உட்காரும் பகுதியிலோ இறுக்கம். கோட்டின் பின்புறத் திறப்பு நீங்கள் சும்மா நிற்கும்போதே வாயைத் திறந்துகொண்டிருந்தால், இடுப்புக்குக் கீழே பின்பக்கத்துக்குத் துணி காணவில்லை.

தளர்வான மடிப்புக்கும் இதேபோல ஒரு விதி உண்டு. செங்குத்தாகத் தொங்கும் மடிப்பு, அகலத்தில் துணி அதிகம் என்று சொல்கிறது. குறுக்காக விழும் மடிப்பு, நீளத்தில் அதிகம் என்று சொல்கிறது. காலருக்குக் கீழே குறுக்கு மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் முதுகு நீளத்தைக் குறைக்க வேண்டும். அக்குளுக்குப் பக்கத்தில் முதுகில் செங்குத்தாக லேசாக ஒரு மடிப்பு இருந்தால் மட்டும் விட்டுவிடலாம். கையை நீட்டும்போது விரிவதற்காக விட்ட துணி அது. அதையும் எடுக்கச் சொல்லி அடம்பிடிப்பவர்கள், பிறகு கார் ஓட்டும்போது வருந்துவார்கள்.

பட்டன் பற்றிப் பேசும்போது ஒரு சின்ன விஷயம். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும்தான் போட வேண்டும், கீழ்ப் பட்டன் போடுவதற்கு இல்லை. இங்கிலாந்து அரசர் 7-ஆம் எட்வர்ட் தொப்பை காரணமாகக் கடைசி பட்டனைப் போடாமல் விட்டார், சுற்றியிருந்தவர்களும் அப்படியே செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, இன்றைய கோட்டுகள் கீழ்ப் பட்டன் திறந்திருக்கும் என்ற கணக்கில்தான் வெட்டப்படுகின்றன. அதைப் போட்டால், நன்றாகத் தைத்த கோட்டிலும் இழுப்புக் கோடு வரும். உட்காரும்போது மேல் பட்டனையும் கழற்றிவிடுங்கள்.

சுருக்கமாக: விறைத்த கோடு என்றால் துணி குறைவு, தளர்ந்த மடிப்பு என்றால் துணி அதிகம். கோடு சுட்டிக்காட்டும் இடமே கோளாறு உள்ள இடம்.

தோளும் கை வந்து சேரும் இடமும்

கோட் தோளில் தொங்குவதால், தோள் தப்பினால் மற்றதெல்லாம் தப்பும். தோள் எலும்பு முடியும் இடத்தில் தோள் தையலும் முடிய வேண்டும். தோள் அகலமாகிவிட்டால், கையின் மேல்பகுதியில் ஒரு குழி விழும். குறுகிவிட்டால், உங்கள் புஜம் துணியைப் புடைத்துக்கொண்டு வெளியே தெரியும். பக்கவாட்டில் ஒரு சுவரோடு சேர்ந்து நின்று பாருங்கள். உங்கள் புஜம் சுவரைத் தொடுவதற்கு முன்பே கோட்டின் ஷோல்டர் பேட் தொட்டு நசுங்கினால், அந்தக் கோட் உங்களுக்குப் பெரிது.

வாடகைக் கோட்டுகளின் பெரிய பலவீனம் இங்கேதான். ஒரே கோட் பல உடம்புகளுக்குச் சேரவேண்டும் என்பதால் தோளை அகலமாக வைத்துவிடுகிறார்கள். இடுப்பில் ஊக்குப் போட்டு இறுக்கினால் போட்டோவுக்கு முன்பக்கம் சமாளிக்கும், தோள் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலோருக்கு ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். நல்ல டெய்லர் அந்தப் பக்கம் மட்டும் பேடைக் கொஞ்சம் தடிப்பாக வைத்துச் சமன் செய்துவிடுவார். பார்ப்பவருக்குத் தெரியாது.

தடித்த பேட் வேண்டவே வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. 1930-களில் இத்தாலியின் நேபிள்ஸ் நகரில், ஜென்னாரோ ரூபினாச்சி நடத்திய லண்டன் ஹவுஸ் என்ற கடையில் வெட்டுநராக இருந்தவர் வின்சென்சோ அத்தோலினி. ஆங்கிலேயக் கோட்டின் உள்ளே இருந்த பேட், லைனிங், விறைப்பான உள்துணி எல்லாவற்றையும் குறைத்து, சட்டைபோல இலகுவான ஒரு கோட்டை அவர் உருவாக்கினார். நேபிள்ஸும் வெயில் ஊர்தான். என்னைக் கேட்டால் நம் ஊருக்கு லண்டனைவிட நேபிள்ஸே நல்ல வாத்தியார். பேட் குறைவான, பாதி லைனிங் மட்டும் வைத்த லினன் அல்லது மெல்லிய கம்பளிக் கோட் மதுரை மாலைக்கு ஒத்துப்போகும். கம்பளி என்றதும் பயப்பட வேண்டாம். டிராபிகல் வுல் என்று விற்கும் துணி, காற்று புகும்படி சாதாரண நெசவில் நெய்தது. பாலியஸ்டரைவிட அது உடம்புக்கு இதம், தொங்கும் அழகும் கூடுதல்.

இப்போது பலருக்கும் நம்பக் கடினமான ஒரு விஷயத்துக்கு வருவோம். கோட்டில் கை வந்து சேரும் ஓட்டையை ஆர்ம்ஹோல் என்கிறோம். கையை நன்றாக அசைக்க வேண்டும் என்றால் அந்த ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். ஆர்ம்ஹோல் சிறியதாக, அக்குளுக்கு நெருக்கமாக, உயரத்தில் இருந்தால்தான் கை சுதந்திரமாக அசையும்.

ஏன்? கை அசைவது தோள் மூட்டிலிருந்து. ஆர்ம்ஹோல் அக்குளுக்கு மிகக் கீழே இறங்கியிருந்தால், கோட்டின் கை உங்கள் விலாவோடு தைக்கப்பட்டதுபோல ஆகிவிடுகிறது. கையைத் தூக்கியதும் அது விலாப் பக்கத் துணியைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பில் கோட் முழுவதும் மேலே ஏறுகிறது, காலர் கழுத்தைவிட்டு எழும்புகிறது. ஆர்ம்ஹோல் அக்குளுக்கு அருகிலேயே இருந்தால், கை தூக்கும்போது இழுபடும் துணியின் அளவு குறைவு. கோட் தன் இடத்திலேயே கிடக்கும்.

பெரிய அளவில் தைத்துவரும் ரெடிமேடு கோட்டுகளில் எல்லா வகை உடம்பும் நுழைய வேண்டும் என்று ஆர்ம்ஹோலைத் தாழ்த்தி வைப்பது சகஜம். போடச் சுலபம், அசையக் கஷ்டம். ட்ரயலில் இரண்டு கையையும் சேர்த்து ஒரு வணக்கம் போட்டுப் பாருங்கள், வரவேற்பு மேடையில் நூற்றுக்கணக்கில் போடப்போகும் வணக்கம்தானே. காலர் லேசாக அசையலாம். தாடையைத் தொட எழும்பினால் ஆர்ம்ஹோல் தாழ்வு. ஒரு எச்சரிக்கை: இறங்கிய ஆர்ம்ஹோலை மேலே ஏற்ற முடியாது, ஏனென்றால் அங்கே இருந்த துணி ஏற்கெனவே வெட்டியாயிற்று. வெட்டும் முன்பே “ஆர்ம்ஹோலை மேலே வையுங்கண்ணே” என்று சொல்லிவிடுவது நல்லது.

விகிதம்: எது எங்கே விழ வேண்டும்?

சரி, கோட் உடம்பில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம்தான் விகிதம்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறும்வரை, கல்தூண்களுக்கு நடுவில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தூண்களில் ஆளுயர நாயக்க மன்னர் சிலைகள் நிற்கின்றன. சிற்பிகள் சிலைக்கு அளவு வைக்கும் தாலமானம் என்ற முறையில், இத்தனை இஞ்ச் என்ற பேச்சே கிடையாது. முகத்தின் நீளம் ஒரு தாலம், மற்ற உறுப்புகள் அதை வைத்து. உத்தம தச தாலம் என்ற அளவில் சிலையின் உயரம் முழுவதும் 124 பகுதிகள், சிலை ஓரடியானாலும் ஆளுயரமானாலும். கிளாசிக் கோட்டின் விகிதமும் இந்தப் புத்தியில்தான் ஓடுகிறது. இத்தனை இஞ்ச் நீளம் என்பது விதி ஆகாது, உங்கள் உயரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் விதி.

முதலில் கோட்டின் நீளம். பின்கழுத்து எலும்பிலிருந்து தரை வரை உள்ள உயரத்தில் பாதி என்பது பழைய கணக்கு. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு அது 28 இஞ்சுக்குப் பக்கத்தில் வரும். கோட் பின்புறத்தை மூட வேண்டும் என்பதும் இதே கணக்கின் இன்னொரு வடிவம்தான். சில ஆண்டுகளாக இதைவிடக் குட்டையான கோட் ஃபேஷனாக இருக்கிறது. குட்டைக் கோட் கால்களை நீளமாகக் காட்டும் என்கிறார்கள். கொஞ்சம் குறைத்தால் அது உண்மை. ரொம்பக் குறைத்தால் பின்புறம் பாதி வெளியே தெரிந்து, மேல் உடம்பு சப்பையாகவும் இடுப்பு அகலமாகவும் தெரியும். தம்பியின் கோட்டை அண்ணன் போட்டதுபோல.

அடுத்தது பட்டன் இருக்கும் உயரம். போடக்கூடிய பட்டன் உங்கள் இடுப்பின் ஒடுங்கிய இடத்தில், தொப்புளுக்குச் சற்று மேலே விழ வேண்டும். அங்கிருந்துதான் மேலே மார்பும் கீழே கால்களும் பிரிகின்றன. பட்டன் தாழ்ந்தால் உடல் நீண்டு கால் குட்டையாகத் தெரியும். மிகவும் ஏறினால் நெஞ்சு சுருங்கித் தெரியும்.

இனி பலரும் கவனிக்காமல் விடும் இடம், பேன்ட்டின் உயரம். கவட்டிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள தூரத்தை ரைஸ் என்பார்கள். ஜீன்ஸ் பழக்கத்தால் நாம் பேன்ட்டை இடுப்பெலும்புக்கும் கீழே போடுகிறோம். கோட்டோ தொப்புளுக்கு அருகில் பட்டன் போட்டு, அதற்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. பட்டனுக்கும் பேன்ட் பட்டிக்கும் நடுவில் ஒரு முக்கோணமாகச் சட்டையும் டையின் நுனியும் பெல்ட் பக்கிளும் எட்டிப்பார்க்கும். மண்டபத்துப் போட்டோக்களில் இந்த வெள்ளை முக்கோணத்தைத் தேடிப் பாருங்கள், பாதிப் பேரிடம் இருக்கும். உடம்பின் நடுவில் கண்ணை இழுக்கும் ஒரு வெள்ளைத் துண்டு வந்துவிட்டால், எவ்வளவு நல்ல கோட்டும் ஆளை இரண்டாக வெட்டிவிடும். கோட்டுக்கு உள்ளே போடும் பேன்ட்டை வேட்டி கட்டும் அதே இடத்தில் போட வேண்டும். முக்கோணம் மறையும், காலும் நீளமாகத் தெரியும். குள்ளமானவர்களுக்கு இதைவிட மலிவான உபாயம் கிடையாது.

தொப்பை இருப்பவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிவிடுவது வழக்கம். அப்போது பேன்ட் நாள் முழுக்க வழுக்கும், தொப்பை முன்னால் தள்ளித் தெரியும், கால் இன்னும் குட்டையாகும். வயிற்றின் மேலேயே, தொப்புளுக்கு நேராக அணிந்தால் துணி அங்கிருந்து நேராகக் கீழே விழுந்து வயிற்றை மூடிவிடும். முதல் முறை கூச்சமாக இருக்கும். கோட் போட்டதும் கூச்சம் போய்விடும்.

மார்பில் இரண்டு பக்கமும் மடிந்து கிடக்கும் பட்டைக்கு லேப்பல் என்று பெயர். காலருக்கும் தோள் முனைக்கும் நடுவில் ஏறக்குறைய பாதி தூரத்தை அது மூடினால் எந்தக் காலத்திலும் உறுத்தாது. சாதாரண உடம்புக்கு 3 முதல் 3.5 இஞ்ச் வரும். அகன்ற மார்பில் 2 இஞ்ச் லேப்பல் வைத்தால் ஆள் பூதாகரமாகத் தெரிவார். டை கட்டினால் அதன் அகலமும் லேப்பலை ஒட்டி இருக்கட்டும்.

சுருக்கம்: நீளம் பாதி, பட்டன் தொப்புளுக்குச் சற்று மேலே, பேன்ட் அதற்குப் பக்கத்தில் வரை, லேப்பல் பாதி தூரம். எல்லாமே உங்கள் உடம்பை வைத்துச் சொல்லும் கணக்குகள்.

பேன்ட்டும் சட்டையும்

பேன்ட்டில் பார்க்க வேண்டியது சீட்டும் தொடையும். பக்கவாட்டுப் பாக்கெட் காதுபோல விரிந்து நின்றால் இடுப்பில் இறுக்கம். நடுவில் எடுத்த அயர்ன் கோடு முழங்காலில் வளையாமல் நேராக ஷூ வரை இறங்கினால் பேன்ட் நன்றாகத் தொங்குகிறது என்று அர்த்தம்.

பேன்ட்டின் அடி ஷூவைத் தொட்டு முன்பக்கம் விழும் மடிப்பை பிரேக் என்கிறார்கள். ஒரே ஒரு லேசான மடிப்பு போதும். பாட்டம் குறுகலாக இருந்தால் மடிப்பே இல்லாமல் ஷூவைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று மடிப்பு விழுந்தால் நீளம் அதிகம், அவ்வளவுதான். ட்ரயலுக்குப் பெரும்பாலோர் செருப்போடு போய் நிற்கிறார்கள். ஷூவின் குதிகால் ஒரு இஞ்ச் ஏற்றும் என்பதை மறந்துவிடுகிறோம். அன்றைக்குப் போடப்போகும் ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள்.

சட்டைக் காலர் பட்டன் போட்டபின் இரண்டு விரல் நுழைந்தால் சரி. சட்டைக் கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கொஞ்சம் வர வேண்டும். கோட்டின் கை அதைவிடக் குட்டையாக, சட்டை அரை இஞ்ச் வெளியே தெரியும்படி நிற்க வேண்டும். நம் ஊரில் கோட்டின் கை பெரும்பாலும் விரல் முட்டி வரை வந்து நிற்கிறது. ரெடிமேடு என்றாலும் அதைக் குறைப்பது சின்ன வேலை, கூலியும் அதிகம் ஆகாது.

ரெடிமேடா, தைப்பதா?

ரெடிமேடு சூட்டில் மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை டிராப் என்பார்கள், வழக்கமாக 6 இஞ்ச். 40 கோட்டோடு 34 பேன்ட் வரும். நாற்பது வயதில் மார்பு 40, இடுப்பு 38 என்று இருப்பவருக்கு அந்த ஜோடி சேராது. கோட்டையும் பேன்ட்டையும் தனித்தனியாக வாங்கலாம், அல்லது தைத்துக்கொள்ளலாம். சில கடைகளில் ஏற்கெனவே உள்ள ஒரு வெட்டு மாதிரியை எடுத்து உங்கள் அளவுக்கு மாற்றித் தைப்பார்கள், அது மேட் டு மெஷர். உங்களுக்கென்றே புதிதாக மாதிரி வரைந்து, நடுவில் ட்ரயல் பார்த்துத் திருத்தித் தைப்பது பெஸ்போக். விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்து, தெரிந்த டெய்லரிடம் கொடுக்கிறோமே, அது இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். ட்ரயல் எத்தனை தடவை என்பதைக் கேட்டால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். முழு சூட்டுக்கு 58 இஞ்ச் அகலத் துணியில் மூன்று முதல் மூன்றேகால் மீட்டர் தேவைப்படும்.

எதை வாங்கினாலும் பின்னால் மாற்ற முடிவது எது, முடியாதது எது என்று தெரிந்து வைத்திருங்கள். கோட்டின் இடுப்பைப் பிடிக்கலாம், கையின் நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட்டின் அடியை மடிக்கலாம். காலரைக் கழற்றிப் பின்கழுத்தைச் சரிசெய்யலாம், ஆனால் அதற்குக் கை தேர்ந்தவர் வேண்டும். தோளைத் தொட்டால் கையையும் காலரையும் பிரித்துப்போட வேண்டிவரும், செலவு புதுக் கோட்டுக்கு அருகில் போய்விடும். கோட்டின் மொத்த நீளத்தையும் குறைக்க வேண்டாம். பாக்கெட்டும் பட்டனும் இருந்த இடத்திலேயே இருக்க, அடி மட்டும் மேலே வந்து விகிதம் கெடும். எனவே கடையில் தோள், காலர், நீளம் மூன்றும் சரியாக இருக்கும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு லூஸாக இருந்தால் கவலைப்படாதீர்கள்.

டெய்லரிடம் பேசும்போது இஞ்ச் கணக்கில் உத்தரவு போடுவதைவிடக் கோளாறைக் காட்டுவது பலன் தரும். “அரை இஞ்ச் பிடிங்க” என்றால் அவர் பிடித்துவிடுவார். “கையைத் தூக்கினா காலர் எழும்புதுண்ணே, பாருங்க” என்றால் காரணத்தைத் தேடுவார். ட்ரயலைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்தால் திருத்த நேரம் இருக்கும்.

பேன்ட்டின் பின்பக்க நடுத் தையலில் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு இஞ்ச் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். மாமியார் வீட்டு விருந்தெல்லாம் முடிந்து தலைதீபாவளி வரும்போது, பிரித்துவிட அது உதவும்.